நாற்பத்தேழாம் பக்கத்து வரி

எனக்குத் தேதி போடாமல் எதையும் எழுத வராது. கடைக்குக் கொடுத்தனுப்பும் சாமான் பட்டியலில்கூட மூலையில் தேதி இருக்கும். நாற்பது ஆண்டு நிருபர் வேலை ஒட்டவைத்த பழக்கம். இந்த வாக்குமூலத்தின் தலையிலும் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள் அய்யா.

என் குறிப்பேடுகளில் இடப்பக்கம் செய்திக்கு, வலப்பக்கம் எனக்கு. அன்றன்று மனதில் பட்டதை ஒற்றை வரியில் அங்கே எழுதி வைப்பேன். 'இரங்கல் செய்தியில் கெட்டவர்கள் சாவதே இல்லை.' 'பேனாவை மூடிய பிறகுதான் மனிதர்கள் பேச ஆரம்பிக்கிறார்கள்.' இப்படி. ஓய்வு பெற்றதும் ஒரு பதிப்பாளர் அந்த வலப்பக்கங்களைப் புத்தகமாகக் கேட்டார். ஒவ்வொரு வரிக்கும் கீழே தேதி வரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான்தான். தட்டச்சு செய்து கொடுத்தவள் என் மகள்.

நாற்பத்தேழாம் பக்கத்தில் அவள் கை நின்றது. 'கதவைப் பூட்டுகிறவன் எப்போதும் பாதுகாப்புக்காகத்தான் பூட்டுகிறான்.'

"அப்பா, இது அந்தத் தையல் ஆலை தீ விபத்தைப் பத்தினதுதானே? அதுக்கு ஒம்பது நாள் முன்னாடி தேதி போட்டிருக்கீங்க. தப்பா இருக்கு, மாத்திடட்டுமா?"

சரி என்று சொல்லியிருந்தால் விஷயம் அத்தோடு போயிருக்கும். ஆனால் என் தேதியைத் தப்பு என்றால் எனக்குப் பொறுக்காது. "தேதி சரிதாம்மா. இடப்பக்கத்தைப் பாரு" என்று குறிப்பேட்டை நானே எடுத்துக் கொடுத்தேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அந்த ஆலையில் காலர் தைத்த ஒரு பெண், சாப்பாட்டு இடைவேளையில் என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தாள். வேலை நேரத்தில் பின்கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை மேலாளர் இடுப்பில் செருகிக்கொள்கிறார் என்றாள். படிக்கட்டு முழுக்கத் துணி மூட்டை என்றாள்.

"தொழிற்சாலை ஆய்வாளர்கிட்ட மனு குடுக்கப் போறேண்ணே. நீங்களும் பேப்பர்ல ரெண்டு வரி போட்டீங்கன்னா நல்லாருக்கும்."

அவள் கேட்ட அளவு சரிதான். பூட்டிய கதவு ஏழாம் பக்கத்தில் இரண்டு வரிக்குமேல் பெறாது. "மனுவெல்லாம் இப்போ வேணாம்மா. அவங்க உஷாராயிடுவாங்க. நான் பெருசா எழுதறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்றேன். வேறு பத்திரிகைக்குப் போய்விடுவாளோ என்ற பயமும் இருந்தது. "சரிண்ணே" என்று போனாள். அன்றுதான் வலப்பக்கத்தில் அந்த வரி வந்தது.

பதினான்கு பேர் செத்தார்கள். அவளும்தான். சாவி, மூட்டை, காலர் மேசை என்று மற்றவர்களுக்கு வாரக்கணக்கில் கிடைக்காத விவரமெல்லாம் அன்று மாலையே என் கையில் இருந்தன. முதல் பக்கம் முழுக்க நான் எழுதினேன். விருதும் வந்தது.

மகள் குறிப்பேட்டை மூடிவைத்தாள். "அந்தக்கா உங்களை நம்பியிருக்காங்கப்பா" என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. அந்தக் குறிப்பேட்டை உங்களிடம் கொண்டுவந்து சேர்த்தவளும் அவள்தான். அது எனக்கு வலிக்கிறது.

நான் கதவைப் பூட்டவில்லை. தீயும் வைக்கவில்லை. செய்தி பெரிதாகட்டும் என்று காத்திருந்தேன். ஒரு பூட்டிய கதவு எப்படிப் பெரிய செய்தியாகும் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அதற்குக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். புத்தகத்திலிருந்து அந்த வரியை எடுக்கச் சொல்லாதீர்கள். அந்தப் பெண் வீணாகச் சாகவில்லை என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.