முதலைக்கு நான் கொடுத்த உரிமைகள்

எனக்கு நண்டு பிடிக்கும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விசாரணைக் குழு என்னை நண்டு விரோதி என்று நினைத்துவிடக் கூடாது.

இந்த வருடக் கார்னிவலுக்கு எங்கள் சம்பா நடனப் பள்ளி ஊர்வல வண்டியாகப் பன்னிரண்டு மீட்டர் முதலை செய்தது. அதை இயக்கும் நிரல் என்னுடையது. வாயைத் திற, புகை விடு மாதிரியான சின்னக் கட்டளைகளை அலங்காரக் கலைஞர் வால்டெசிர் அண்ணன் அதற்குள்ளே லுவா என்ற நிரல் மொழியில் எழுதுவார்; எங்கள் ரியோவிலேயே பிறந்த மொழி. அந்தக் கட்டளைகளுக்குக் கணினியைத் தொட உரிமை கிடையாது. தொட்டிலில் போட்ட குழந்தை மாதிரி கிடக்கும்.

மணி பார்க்கும் உரிமை கேட்டார், கொடுத்தேன். கோப்பை அழிக்கும் உரிமை கேட்டார், கொடுத்தேன். கேட்காமலே ஒன்றும் கொடுத்தேன்: ‘வெளியேறு’. அது கட்டளையை மட்டுமல்ல, முதலையின் மொத்த நிரலையும் மூடிவிடும்.

அதைக் கொடுத்த அன்று காலைதான் பள்ளித் தலைவி டோனா சுலெய்டி என்னைக் கூப்பிட்டிருந்தார்.

“ஊர்வலத்துல நண்டு வேஷ வரிசைக்கு ஆள் பத்தலடா. நீ நண்டு.”

“நான் கம்ப்யூட்டர் பாக்கணுமேம்மா.”

“முதுகுல ஓடு இருக்குல்ல, அதுக்குள்ள வச்சுக்கோ.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் வால்டெசிர் கேட்டார்: “இந்த ‘வெளியேறு’ எதுக்குப்பா?”

“கடைசி வரியில போடணும்ணே. ஒரு மரியாதைக்கு.”

மரியாதை தெரிந்த மனிதர். போட்டார்.

ஊர்வலத்தில் நான்கு நடுவர் மேடைகள். முதல் மேடையில் முதலை வாயைத் திறந்தது. நாக்கின் மேல் நின்று டோனா சுலெய்டி கையசைத்தார். வாய் மூடியது. கடைசி வரி வந்தது. அதன்பின் அது திறக்கவில்லை.

“டேய் நண்டு, திறடா” என்று உள்ளிருந்து கேட்டது. முந்நூறு மேளங்களுக்கு நடுவே எனக்குத் தெளிவாகவே கேட்டது.

மற்ற மூன்று மேடைகளும் வாய் மூடிய முதலையைத்தான் பார்த்தன. பதினொரு வருடம் காத்திருந்து ஏறிய முதல் பிரிவிலிருந்து, ஒரு புள்ளியில் பத்தில் ஒரு பங்கு குறைந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கினோம்.

நிரலை மறுபடி ஓடவிட ஒன்பது விநாடி போதும். மடிக்கணினி என் ஓட்டுக்குள்ளேயே இருந்தது. ஆனால் இரண்டு கையிலும் கொடுக்கு. கொடுக்கை மாட்டிக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்துவிட முடியும்?

முதலை வாய் மூடியே போவதாக நீங்கள் இங்கே காட்டும் நாற்பது நிமிட வீடியோவை எடுத்ததும் நான்தான். கொஞ்சம்கூட ஆடாமல் வந்திருக்கிறது.