வெள்ளிக்கிழமைக் கிண்ணம்

இல்லை சார், எனக்குக் கெராங் சிப்பி பிடிக்காது என்று யார் சொன்னது? அவித்து, மிளகாய்ச் சம்பலில் தொட்டுத் தின்றால் ஒரு கிலோவும் போதாது. சிப்பிக்குள் தேங்கும் சிவப்புத் தண்ணீரைக்கூட விடமாட்டேன். ஒரு வருடமாகத்தான் சாப்பிடுவதில்லை.

என் வேலை சுலபமானது. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் எங்கள் தொழிற்சாலையின் கழிவு, கழிமுகத்தில் கலக்கிறது. மாதம் ஒருமுறை, நீர் வற்றும் நேரத்தில், அங்கே ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு கிலோ கெராங்கும் எடுத்துப் பினாங்கிலுள்ள சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஜெரார்ட் என்று கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

எண்பத்து மூன்று ஜனவரியில் முதல் அறிக்கை வந்தது. கெராங்கில் ஈயம், அனுமதித்த அளவைப்போல் ஒன்பது மடங்கு. மேலாளர் மனோகரன் அதை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இது வெளிய போனா கம்பெனிய மூடிருவாங்க, ஜெரார்ட். நூத்தி நாப்பது பேரு வேல போயிரும் லா. அடுத்த தடவ நல்லா பாத்து எடு."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நல்லா பார்த்துத்தான் எடுத்தேன். கடல் ஏறிக் கழிமுகம் நிறைந்திருக்கும் நேரத்தில் போத்தலை நிரப்பினேன். கெராங்கைப் பசார் மீன்கடையில் வாங்கினேன். தூரத்துப் பேராக்கிலிருந்து லாரியில் வருவது; அதில் எங்கள் ஈயம் இருக்காது. சந்தேகம் வராதிருக்க என் வீட்டுப் பின்புறச் சேற்றைப் பூசினேன். அதன்பின் எல்லா அறிக்கையும் சுத்தம்.

பக்கத்து வீட்டு ஜோசபின் அக்கா அந்தக் கழிமுகத்தில்தான் கெராங் பொறுக்குவார். கணவர் இறந்த பிறகு சிடாம் கிரி எஸ்டேட்டிலிருந்து வந்தவர். ஆறு வயது மகள் ஜேன் ஒருத்திதான் அவருக்கு.

"தம்பி, டெஸ்ட்டுக்கு எடுத்துப் போறீங்களே, நம்ம கெராங் நல்லாதானே இருக்கு?"

"நல்லா இருக்குக்கா."

"அப்ப டெஸ்ட்டுக்கு மட்டும் குடுத்துட்டு நீங்க ஏன் காஞ்சு கெடக்குறீங்க? வெள்ளிக்கிழம அனுப்புறேன்."

நாங்கள் இருவரும் கத்தோலிக்கர். வெள்ளிக்கிழமை இறைச்சி கிடையாது. அன்றைக்குக் கெராங்கும் வேண்டாமென்றால், ஏன் என்று கேட்பார். கொட்டிவிடலாம், ஆனால் சாப்பாட்டைக் கொட்டுவது பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். அதனால் நீல எனாமல் கிண்ணத்தோடு வந்த ஜேனையே உட்காரவைத்தேன்.

"மாமாவுக்கு?"

"வயிறு நெறஞ்சிருக்கு. நீ சாப்புடு. அம்மாகிட்ட சொல்லாத."

அவள் விரல்கள் சிறியவை. சிப்பியைப் பிளந்து, எலுமிச்சை பிழிந்து நானே கொடுப்பேன். கிண்ணத்தைக் கழுவித் திருப்பி அனுப்புவேன். வாராவாரம், ஒரு வருடம். வீட்டிலும் அவள் அதையேதான் தின்றாள், சார். என் பங்கு அந்த ஒரு கிண்ணம்தான்.

இந்தப் பிப்ரவரியில் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. வயிற்றில் பூச்சி என்றார்கள். பிறகு மணிக்கட்டு தொங்கியது; கிண்ணத்தை அக்காவே கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒருநாள் ஜேன் சிரித்தபோது ஈறில் நீலக் கோட்டைப் பார்த்தேன். எங்கள் தொழிற்சாலைச் சுவரில் அதன் படம் ஒட்டியிருக்கிறது. ஈய விஷத்தின் அடையாளம்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அக்கா ஓடிவந்தார். "தம்பி, தண்ணில ஏதாச்சும் கலந்திருக்கான்னு டாக்டர் கேக்குறாரு. எனக்கு என்னா தெரியும்? நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

போனேன். மறுக்க மனம் வரவில்லை. சுத்தமான அறிக்கைகளை அடுக்கி டாக்டரிடம் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தார். அப்படியானால் காரணம் தண்ணீர் இல்லை என்று சொல்லி மூளைக்காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கச் சொன்னார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். முதல் அறிக்கை அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. எதற்காக எடுத்துப் போனேன் என்று இன்னும் எனக்கே விளங்கவில்லை.

ஒன்பது நாள்தான் உயிரோடு இருந்தாள்.

ஆமாம், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் தெரிந்தே செய்தேன். முதல் அறிக்கை இதோ. ஆனால் அவளுக்கு நான் ஒருபோதும் கெடுதல் நினைத்ததில்லை.

கடைசிக் கிண்ணம் என் சமையலறையில் இருக்கிறது, சார். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவியிருக்கிறேன். அதை அக்காவிடம் கொடுத்துவிடுகிறீர்களா?