அழுகை ஏறிய கிட்டார்

மேடம், வாக்குமூலம் எழுதத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு கிட்டார்களையும் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். மின்விசிறிக் காற்று நேராக அவற்றின் மேல் படுகிறது. மரத்துக்கு அது ஆகாது. ஒரு மெத்தையில் படுக்கவைக்கச் சொன்னால் நல்லது. மெத்தை இல்லையென்றால் பழைய கேஸ் கட்டுகளே போதும்.

என் பெயர் பிரான்சிஸ். திண்டிவனத்தில் பிளக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோவில் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்த தங்கை இசைவாணிதான் எனக்கு எல்லாம். அவளைத் தவிர இருக்கும் ஒரே சொத்து என் காது. குழுவில் யாராவது ஒரு நூலிழை சுருதி விலகினாலும் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த மரியாதை போய்விட்டால் நான் வெறும் பேனர் கடைக்காரன். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் மீதியெல்லாம் எளிதாகப் புரியும்.

நீங்கள் பறிமுதல் செய்த கிட்டார்களில் ஒன்று என் அப்பாவுடையது. அப்பா மாசிலாமணி கோவிலில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாராக இருந்தவர். தன் நாட்டுக்கே திரும்பிய வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர், அறுபதுகளில் அமெரிக்காவில் செய்த அந்தக் கிட்டாரை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் கோவில் பங்கில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அப்பா அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒருமுறை பேருந்துக் கூரையிலிருந்து விழுந்து உள்கட்டை முறிந்தது. மேல்சித்தாமூரில் இருந்த ஆசாரி ஒருவர் உள்ளே வேப்பங்கட்டைத் துண்டு ஒன்றை ஒட்டி நிமிர்த்திக் கொடுத்தார். அதற்குப் பிறகு நாதம் இன்னும் கனிந்தது என்று அப்பா சொல்வார்.

இன்னொன்று தங்கை வீட்டுக்காரர் அறிவுச்செல்வனுடையது. விழுப்புரம் ஜங்ஷனில் டிக்கெட் பரிசோதகராக இருக்கிறார். நல்ல மனிதர், பாட்டில் ஆசை உள்ளவர். அதே கம்பெனி அந்தப் பழைய மாடலை அதே அளவில், அதே மரத்தில் இப்போது மறுபடியும் போட்டிருக்கிறது. மாப்பிள்ளை அதை வரவழைத்துவிட்டார். தொழிற்சாலையிலேயே நிறத்தை மங்கவைத்து, கீறலும் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். ஐம்பது வயது ஆனதுபோலப் பிறந்த குழந்தை.

"மச்சான், உங்களுதுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லீங்க" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. வருத்தமாக இருந்தது.

போன ஈஸ்டர் அன்று பங்கு மண்டபத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவானது. கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக நான்தான் ஒரு வழி செய்தேன். கடையில் கறுப்பு வினைல் ஸ்டிக்கர் நிறைய இருந்தது. இரண்டு கிட்டார்களுக்கும் முன்னும் பின்னும் தலையிலும் ஒரு இடம் விடாமல் ஒட்டினேன். காற்றுக்குமிழி ஒன்றுகூட விழவில்லை. இரண்டிலும் புதுக் கம்பிகள் போட்டோம். முடித்தபின் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. நான் பார்க்காத நேரத்தில் இரண்டையும் இடம் மாற்றி வைக்கச் சொன்னேன்.

வாசித்துக் காட்டினேன். பாதிப் பேர் இது என்றார்கள், பாதிப் பேர் அது என்றார்கள். எங்கள் குழுவில் மூத்தவரான சவுரியம்மாள் அக்கா, "ரெண்டும் ஒரே மாதிரிதாம்பா கீது. ஜல்தியா முடிங்க, பிரியாணி ஆறிப்போவுது" என்றார். நான் மட்டும் தயங்கவில்லை. கையில் வாங்கி ஒரு கம்பியைத் தட்டினேன். இதுதான் அப்பாவுடையது என்று வலது பக்கம் வைத்தேன்.

"எப்பிடி மச்சான் சொல்றீங்க?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

அப்போதுதான் நான் பல நாள் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். பழைய கிட்டாரின் நாதம் மரத்தால் வருவதில்லை. வார்னிஷாலும் இல்லை. அப்பா கொண்டுபோன சாவு வீடுகளின் அழுகை அதற்குள் இறங்கியிருக்கிறது. பாலில் ஊறிய அவல் போல ஊறியிருக்கிறது. புதியதில் அது இல்லை.

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "அப்ப என்னோடத்தையும் எடுத்துக்கினு போங்க. ஒரு வருசம் எழவு வூட்டுலயே வெச்சிருங்க. அடுத்த ஈஸ்டருக்கு ரெண்டையும் கேப்போம். நான் தோத்தா புதுசும் உங்களுக்கே" என்றார். விளையாட்டாகச் சொன்னாராம். இப்போது அப்படித்தான் சொல்கிறார்.

ஸ்டிக்கரை உரித்தால் வார்னிஷ் பெயர்ந்துவிடும் என்பதால் அப்படியே விட்டுவிட்டேன். அப்பாவுடையதைப் பட்டுத் துணியில் சுற்றிப் பீரோ மேல் வைத்தேன். புதியதை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

பேனர் கடைக்காரனுக்கு ஒரு வசதி உண்டு, மேடம். நம் பக்கத்தில் ஒருவர் இறந்தால் சொந்தக்காரருக்குத் தகவல் போகும் முன்பே கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் வந்துவிடும். பேனரைக் கட்டிவிட்டு நானும் அங்கேயே உட்கார்ந்துகொள்வேன். சாதி, மதம் பார்க்கவில்லை. பறை அடிக்கும் வீடுகளில் மட்டும், அந்தச் சத்தம் மரத்தில் ஏறிவிடக் கூடாதென்று கொல்லைப்பக்கமாக உட்காருவேன். கிட்டாரை மடியில் வைத்து, அதன் துளையை அழுகிறவர்கள் பக்கம் திருப்பிவைப்பேன். மரியாதை செய்கிறேன் என்று நினைத்து காபி கொடுப்பார்கள்.

சில விஷயங்கள் அங்கே பழகிப் பழகித்தான் தெரிந்தன. மகள்களின் அழுகை மெல்லிய கம்பிகளில் ஏறுகிறது. கூடப்பிறந்தவர்களின் அழுகை தடித்த கம்பிகளுக்கு நல்லது. மருமகள்களுடையது வார்னிஷோடு நின்றுவிடுகிறது, உள்ளே இறங்குவதில்லை. குடித்துவிட்டு அழுகிறவர்களை நான் தவிர்த்தேன், சுருதி நிற்காது.

ஆடி மாதம் வந்ததும் சாவு நின்றுபோயிற்று. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தலைவர் பிறந்தநாள் என்றே ஆர்டர் வந்தது. ஊரே ஆரோக்கியமாக இருந்தது. கிட்டாரைத் தட்டிப் பார்த்தால் பாதி வெந்த சோறு மாதிரி இருந்தது. அப்படியே விட்டால் கெட்டுவிடும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கிளியனூரில் அரங்கநாதன் என்றொரு பெரியவர் தனியாக இருந்தார். அவர் படம் என் கம்ப்யூட்டரில் இருந்தது. அவர் திருப்பதி போயிருந்த நாளில் அவருக்குக் கண்ணீர் அஞ்சலி அடித்து முச்சந்தியில் கட்டினேன். சொந்தக்காரர்கள் திரண்டு வந்தார்கள். ஆனால் ஒருவரும் அழவில்லை. போர்வெல் யாருக்கு என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. தவறு என்னுடையதுதான். ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது வயதைப் பார்த்தேன், பாசத்தைப் பார்க்கவில்லை.

அடுத்தது வளவனூர் தையல்நாயகி அம்மாள். சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவர். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவர் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அவர் மல்லாட்டை மூட்டையைக் கடலை மண்டியில் போட்டுவிட்டு வர விழுப்புரம் போன நேரத்தில் பேனர் ஏறியது. அன்றைய அழுகையை நான் எப்படிச் சொல்வேன். தெருவே அழுதது. கிட்டாரின் பின்பலகை என் வயிற்றில் அதிர்ந்தது. எனக்கே கண் கலங்கியது. அப்போது மினி பஸ் வந்து நின்று, தையல்நாயகி அம்மாள் இறங்கிவிட்டார்.

பேனரை மேலும் கீழும் பார்த்தார். "எவன்டா இத கட்டனவன்? போட்டோவுல பொட்டு கூட இல்ல" என்றார். பிறகு தன்னைப் பற்றிக் கீழே போட்டிருந்த வரிகளைப் படித்து, அவரே உட்கார்ந்து அழுதார். அதைக் கூட நான் வீணாக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். அழுகைக்குப் பின்னால் சிரிப்பு வந்தால் மரம் குழம்பிவிடும். கடையில் படம் மாறிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டு, அவர் பேரன் பிறந்தநாளுக்கு ஒரு பேனர் இலவசமாக அடித்துக் கொடுத்தேன்.

வளவனூரிலிருந்து திரும்பும் வழியில் நிதானமாக யோசித்தேன். முறையில் பிழை இல்லை. இறந்தவர் திரும்பி வருவதுதான் பிழை. எல்லாரும் அழுது முடிக்கும் வரை அவர் வரக் கூடாது. அழுகிறவர் தன் உயிரையே வைத்திருக்கும் ஒருவராகவும் அவர் இருக்க வேண்டும். அப்படி யாரைத் தெரியும் என்று கேட்டுக்கொண்டேன். எனக்குத் தெரிந்த வீடுகளில் இசைவாணி வீட்டைப் போல அன்பான வீடு வேறு இல்லை.

மாப்பிள்ளையைத் திண்டிவனம் வரச் சொன்னேன். கிட்டார் எப்படிப் பழுத்திருக்கிறது என்று கேட்க ஆசையாக வந்தார். கடைக்குப் பின்னால் உள்ள குடோனில் உட்காரவைத்து, செல்போனை வாங்கிக்கொண்டு, வெளியே பூட்டினேன். நான் கொடுமைக்காரன் இல்லை. உள்ளே தண்ணீர் கேன், பிஸ்கெட், பாய், ஃபேன் எல்லாம் இருந்தன. அவருக்குப் பிடித்த தட்டையும் வாங்கி வைத்திருந்தேன்.

பிறகு விழுப்புரம் போய், ரயிலிலிருந்து தவறி விழுந்துவிட்டார், உடம்பைக் கொடுக்க நேரமாகும் என்று தங்கையிடம் சொன்னேன். தெருமுனையில் பேனர் கட்டினேன். அதற்கு நல்ல படமாகத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

இசைவாணி என் காலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, அவர இட்டுக்கினு வாண்ணா. நீ போனா குடுப்பாங்கண்ணா. இட்டுக்கினு வாண்ணா" என்று அழுதாள். சின்ன வயதில் அவள் விழுந்தால் நான்தான் தூக்குவேன். அன்று தூக்கவில்லை. துளையை அவள் பக்கம் திருப்பிக் கிட்டாரைத் தரையில் வைத்தேன். அவள் குரல் ஐந்தாவது கம்பியில் போய் உட்கார்ந்தது. யாரும் தொடாமலே அது ஒலித்தது. எனக்கும் அழுகை வந்தது. குனிந்து துளைக்குள்ளேயே அழுதேன். என் தங்கை படும் பாட்டைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்குள் திண்டிவனத்தில் மாப்பிள்ளை குடோனைக் கிளறியிருக்கிறார். அவருடைய பேனரில் நிறம் சரியாக விழாத பிரதி ஒன்று அங்கே கிடந்தது. அதைச் சன்னல் கம்பி வழியாக வெளியே தொங்கவிட்டு ஆட்டியிருக்கிறார். போகிறவர்கள் படித்துவிட்டு, "பாவம், சின்ன வயசு" என்று சொல்லிப் போயிருக்கிறார்கள். யாரோ ஒருவர் ஒரு மாலையை மாட்டிவிட்டும் போயிருக்கிறார். கடைசியில் சவுரியம்மாள் அக்கா வந்தாராம். படத்தைப் பார்த்து மண்டியிட்டுச் செபம் சொல்லத் தொடங்கியதும், "யக்கா, நான் சாவல. செபத்த அப்பறம் சொல்லு, பூட்ட ஒடை" என்று சன்னலுக்குள்ளிருந்து குரல் கேட்டிருக்கிறது. அக்கா செபத்தை முடித்துவிட்டுத்தான் ஆள் கூப்பிடப் போனார்.

உங்கள் ஜீப்பில் மாப்பிள்ளை தங்கை வீட்டு வாசலில் வந்து இறங்கியதை நீங்களே பார்த்தீர்கள். இசைவாணி போட்ட சத்தத்தையும் கேட்டீர்கள். அது அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. நான் உடனே துளையைக் கையால் மூடினேன். அதற்குள் உங்கள் ஏட்டு மணிமாறன் கிட்டாரைப் பிடுங்கிவிட்டார்.

என்னை அடைத்துவைத்ததும், பொய்ச் சாவு சொன்னதும், முன்பு கட்டிய பேனர்களும் எல்லாம் நான் செய்தவைதான். மறுக்கவில்லை. ஏன் செய்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன்.

பாருங்கள், அவசரத்தில் "என்னை அடைத்துவைத்தது" என்று எழுதிவிட்டேன். மாப்பிள்ளையை அடைத்துவைத்தது என்று திருத்திக்கொள்ளவும்.

மீதி இருப்பது சற்றுமுன் இந்த அறையில் நடந்தது. ஏட்டு இரண்டு கிட்டார்களின் ஸ்டிக்கரையும் உரித்து, துளைக்குள் செல்போன் வெளிச்சம் அடித்தார். சாவு வீடுகளுக்கெல்லாம் நான் தூக்கிக்கொண்டு போன கிட்டாருக்குள் வேப்பங்கட்டைத் துண்டு இருந்தது. பீரோ மேல் பட்டுத் துணியில் இருந்ததற்குள் ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளை அதுவரை என்னை நீங்க என்றுதான் பேசுவார். "யோவ் மச்சான், நீ தூக்கிக்கினு அலஞ்சது உங்கப்பாவோட பழசுய்யா. என்னுது உன் பீரோ மேல தூங்கிக்கினு இருந்திருக்கு. ஈஸ்டர் அன்னிக்கே மாத்தி வெச்சிருக்க. இதுக்கா என் பொண்டாட்டிய அப்பிடி அழவெச்ச?" என்றார்.  இசைவாணி என்னைப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

என் காது பொய்த்துவிட்டது என்று எல்லாரும் நினைக்கிறீர்கள். ஏட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததையும் பார்த்தேன். அமைதியாக யோசித்தால் விஷயம் வேறு. ஏற்கெனவே ஊறிய மரத்துக்கு மேலும் ஊட்டிக்கொண்டிருந்தேன். அது எப்படி மாறும்? பாதி வெந்ததுபோல எனக்குக் கேட்டது ஸ்டிக்கரால்தான். ஆக, நான் சொன்னது தவறு என்று இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. புதிய கிட்டார் இன்னும் ஒரு சொட்டு அழுகையைக் கூடக் கேட்டதில்லை. சோதனை இனிமேல்தான் தொடங்க வேண்டும்.

சாலைப் பாதுகாப்பு வாரத்துக்கு நீங்கள் எங்கள் கடையில்தான் பேனர் அடித்தீர்கள், ஞாபகம் இருக்கும். உங்கள் படம் இன்னும் கம்ப்யூட்டரில் இருக்கிறது, மேடம். சிரித்த முகம், வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது. உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், உங்கள்மேல் எவ்வளவு பாசமாக இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.