கிச்சாவின் பாசிட்டிவும் பிரதிபாவின் விரல்களும்

சால்வைக்குள் பாதி மறைந்தும் புன்னகையில் முழுதாய்த் தெரியும் தலைவர் அவர்களே! மண்டி மொஹல்லாவின் நெரிசலில் வண்டி நிறுத்த இடம் தேடி, தாமதமாய் வந்தும் முன்வரிசையைப் பிடித்துவிட்ட பெரியோர்களே! சிற்றுண்டி ஆறுவதற்குள் நான் முடிக்கவேண்டுமே என ஏங்கும் தாய்மார்களே! மைசூரு வாழ் தமிழ் நெஞ்சங்களே! வணக்கம்.

நம் சங்கத்துப் பிரதிபாவை அறிவீர்கள். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். சென்ற ஆண்டு விழாவில் அவர் கைதட்டவில்லை. தலைவர் உரைக்கே தட்டவில்லை! "ஏனு, இவ்வளவு கர்வமா?" என்று கன்னடமும் தமிழுமாய்ச் சங்கமே கொதித்தது. கர்வமா அது? காலையில் எழுந்தால் விரல்கள் வீங்கி விறைத்திருக்கும். காபி டம்ளரைப் பற்ற முடியாது. புடவைக் கொசுவத்தைச் செருக முடியாது. வெயில் ஏறினால் விரல் கொஞ்சம் இளகும்; உடனே வீட்டார், "இப்போ மட்டும் எப்படி வேலை செய்யறே?" என்பார்கள்.

ஒருவழியாய் ரத்தப் பரிசோதனைக்குப் போனார். தம்பதிக்குச் சலுகை என்றதும், வலி என்றால் என்னவென்றே அறியாத கணவர் கிச்சாவும் கையை நீட்டினார். சலுகையை விடுகிற சாதியா நாம்?

முடிவு வந்தது. முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.எஃப். சோதனையில் பிரதிபா நெகட்டிவ். கிச்சா பாசிட்டிவ்!

அன்று படுத்தார் கிச்சா. "முட்டி லேசா பிடிக்கற மாதிரிதான் இருக்கு" என்று முனகினார். மாமியார் ராஜலக்ஷ்மி பதறினார்: "எழுந்திருக்காதேடா கிச்சா! பிரதிபா, அவனுக்கு வெந்நீர் ஒத்தடம் குடு. உனக்குத்தான் ஒண்ணுமில்லேன்னு வந்துடுத்தே!"

வீங்கிய கை ஒத்தடம் கொடுத்தது. வீங்காத முட்டி வாங்கிக்கொண்டது. எங்கே நியாயம்? எங்கே நியாயம்?

என்ன, சிரிப்புச் சத்தம்? கிச்சா சார், நீங்களேவா? நல்லது, சிரியுங்கள்.

மூட்டு மருத்துவர் மேதாவிடம் கிச்சாவை அழைத்துப் போனார்கள். பையைத் தூக்கி வந்தது பிரதிபா. அறைக்குள் பை நழுவி விழுந்தது. மருத்துவர் எழுந்து வந்து, கிச்சாவை விட்டுவிட்டுப் பிரதிபாவின் விரல் மூட்டுகளை மெல்ல அழுத்தினார்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"எனக்கு நெகட்டிவ், டாக்டர்."

அவையோரே, இந்தப் பதிலைப் பிரதிபா என்னிடம் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. தன் வலியைத் தானே நம்பாத அளவுக்கு ஒரு பெண்ணைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டோமே!

"வலிக்கறது ரிப்போர்ட்டுக்கா, உங்களுக்கா?" என்றார் மருத்துவர். பிறகு விளக்கினார். உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பொருள்களில் சில, சொந்த உடலையே பகையாய் எண்ணும். அவற்றில் ஒன்றுதான் ஆர்.எஃப். நோயே இல்லாதவர் ரத்தத்திலும் அது திரியும். நோயுள்ள சிலரிடம் தலைகாட்டாது. ஆன்டி சி.சி.பி. என்ற இன்னொன்றையும் பார்த்தார். பிரதிபாவுக்கு அது பாசிட்டிவ்; முடக்குவாதமேதான். அதுவும் இல்லாமலே இந்நோய் வருவதுண்டாம். ஆகவே தாளையும் பார், ஆளையும் பார் என்றார். இன்னும் நாள் கடத்தியிருந்தால் விரல்கள் கோணி, நிமிராமலே போயிருக்கும். நல்லவேளை, மருந்து தொடங்கியது; வீக்கம் மெல்ல வடிந்தது.

கிச்சாவுக்கு என்ன மருந்து? "எழுந்து வீட்டு வேலை செய்யுங்க." இன்று அவர் போட்ட காபியைக் குடித்துவிட்டுத்தான் நான் வருகிறேன். சுமார்தான்!

முடிக்கிறேன். பொறுங்கள், யாரும் கைதட்டாதீர்கள். பிரதிபா, நீங்கள் முதலில்.

அந்தக் கைதட்டல் கேட்கிறதா, தலைவர் அவர்களே? சென்ற ஆண்டு பாக்கி!

இப்போது எல்லோரும் தட்டுங்கள், எனக்கல்ல, அந்த விரல்களுக்கு. செவிசாய்த்த உங்களுக்கு நன்றி. நாளைக் காலை உங்கள் வீட்டில் யார் விரல் மடங்கவில்லை என்று பாருங்கள். வணக்கம்!