விண்கப்பலின் வயிற்றில் சிவப்புப் பொட்டு

"ஹலோ... ஹலோ! கேக்குதாங்க? ... நான்தான். ... ஆமா, ஆமா, முடிஞ்சுது. இருங்க, மூச்சு வாங்குது. ... ஓடியெல்லாம் வரல. சிரிச்சுச் சிரிச்சு! ... எதுக்கா? சொல்றேன், சொல்லத்தான போன் பண்ணினேன், குறுக்க பேசாதீங்க."

அரங்கத்துக்கு வெளியே, ஈரக் குடைகள் சாய்த்து வைத்திருந்த மூலையில் நின்றுகொண்டு கீபோர்டு டீச்சர் தன் வீட்டுக்காரனை அழைத்திருந்தாள். அவன் பல் செட் செய்கிறவன். ஊரார் வாய்க்குப் பல் செய்த நேரம் போக மீதி நேரமெல்லாம் பின் அறையில் உட்கார்ந்து விண்கப்பல் செய்வான். அவன் தம்பியும் அதே பைத்தியம்தான், ஆனால் கம்ப்யூட்டர் பைத்தியம். பழைய விண்வெளிப் படம் ஒன்றின் கடைசிச் சண்டையை ரசிகர் மன்றத்துக்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டிப் புதிதாக எடிட் செய்திருந்தார்கள். அதில் வரும் இரண்டு கப்பல்களில் ஒன்று அண்ணன் கையால் செய்து கம்பியில் தொங்கவிட்டுப் படம் பிடித்த மினியேச்சர், மற்றது தம்பி கம்ப்யூட்டரில் செய்தது. எது எது என்று மன்றத் தலைவருக்கும் தெரியாது, அரங்கம்தான் கை தூக்கிச் சொல்ல வேண்டும். செய்தவர்கள் உள்ளே இருக்கக் கூடாது, முகமே காட்டிக் கொடுத்துவிடும் என்பது மன்றத்துச் சட்டம்.

வீட்டில் தனியாக ஒரு பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனின் கப்பல்தான் மினியேச்சர் என்று அரங்கம் கண்டுபிடித்துவிட்டால் பின் அறை கப்பல்களுக்கே. ஏமாந்துவிட்டால் அறை காலி, அவளுடைய கீபோர்டு வகுப்பு அங்கே குடி போகும். ஜன்னல் திரைக்கு நிறம்கூட அவள் பார்த்து வைத்துவிட்டாள்.

"உங்க கப்பல்... எப்படிச் சொல்றதுன்னு தெரியல... அத கம்ப்யூட்டர்னு மொத்த ஹாலும் கை தூக்கிடுச்சுங்க. ... ஆமா. ... ஆமாங்க, மொத்தமும். ... ஐயோ, நான் தூக்கல! நான் எப்படித் தூக்குவேன்? ... உங்க தம்பியோடதப் பாத்துட்டுத்தான் 'இதான்யா அசல்'னு விசிலடிச்சாங்க. ... ஏன்னா, கம்பி! அவன் கப்பலுக்கு மேல மெல்லிசா ஒரு கம்பி தெரிஞ்சுது. லேசா ஒரு ஆட்டம் வேற. ... கம்ப்யூட்டர்ல கம்பி ஏதுன்னா? வரைஞ்சு வச்சிருக்கான், திருட்டுப் பய! ... சிரிக்காம என்ன பண்ணச் சொல்றீங்க? நீங்க கண்ணு எரிய எரிய ஒவ்வொரு ஃப்ரேமா உக்காந்து கம்பிய அழிச்சீங்க. அவன் ஒவ்வொரு ஃப்ரேமா உக்காந்து கம்பிய வரைஞ்சிருக்கான்! ...

"அது என்ன சத்தம்? ... என்னமோ பர்ருன்னு கேக்குதே. ... டேப்பா? எதுக்கு டேப்பு? ... எதுக்கு அட்டப்பெட்டி? ... ஓ, தம்பி அதுக்குள்ள போன் பண்ணி பீத்திக்கிட்டானா? ... பந்தயம் பந்தயம்தான், யாரு இல்லன்னா? ஆனா கொஞ்சம் பொறுங்க. நான் இன்னும் பாதிகூட சொல்லல."

உள்ளிருந்து யாரோ எட்டிப் பார்த்து அவளைக் கைகாட்டிச் சிரித்துவிட்டுப் போனார்கள். அவளும் பதிலுக்குக் கையாட்டினாள். இன்றைக்கு அந்த மன்றத்தில் அவளைத் தெரியாதவர் யாரும் மிச்சமில்லை.

"கேளுங்க. முடிவு சொன்னப்புறம், உங்க தலைவர், அதான் அந்தக் கண்ணாடிக்காரர், ரெண்டு கப்பலையும் மெதுவா ஓடவிட்டு இன்னொரு தடவ காட்டினாரு. ... ம். உங்களோடது அப்படியே தலைக்கு மேல போகுது. வயித்துல ஒரு சிவப்பு விளக்கு. ஹால்ல எல்லாரும் ஆஹா ஓஹோங்கறாங்க. 'பாருங்க, எச்சரிக்கை விளக்கு! என்ன நுணுக்கம்! இதெல்லாம் கம்ப்யூட்டரால மட்டும்தான் முடியும்'ங்கறாரு கண்ணாடி. நானும் பாத்தேன். நல்லா பாத்தேன். விளக்காங்க அது? ...

"ஹலோ? ... ஏன் பேச்சக் காணோம்? ... இருக்கீங்களா? ... ம். நெயில் பாலிஷ்! என் நெயில் பாலிஷ்! மாடி வீட்டு அக்காவோடதோட மாறிடக் கூடாதுன்னு என் குக்கர் வெயிட்டுல நான் வச்ச பொட்டு! ஓரமா கொஞ்சம் வழிஞ்சிருக்கும். திரையில கதவு உயரத்துக்கு வழிஞ்சு நிக்குது! ... தெரியாம எடுத்தீங்களா? தெரியாமத்தான் ஒருத்தர் குக்கர் வெயிட்ட எடுத்து, சாம்பல் பெயிண்ட் அடிச்சு, பொட்டுல மட்டும் படாம அடிச்சு, கப்பல் வயித்துல ஒட்டுவாராக்கும்! ... அழகா இருந்துச்சாம்ல! அந்த அக்காதான் எடுத்துட்டாங்கன்னு நான் அவங்ககூடப் பேசறதயே விட்டுட்டேன். பாவம், எதுக்குன்னே தெரியாம எதிர்ல வரும்போதெல்லாம் சிரிக்கறாங்க. ... சரி, சரி, மன்னிப்பெல்லாம் அவங்ககிட்ட கேளுங்க. முதுகுல வரிசையா நிக்குதே பீரங்கி, அது என்ன? ... சொல்லுங்க. ... என் பழைய கீபோர்டோட கறுப்புக் கட்டை! அத ஒடச்சிட்டான்னு கிளாஸுக்கு வர்ற அந்த வாலுப் பொண்ண வேற திட்டித் தொலச்சேனே! இன்னும் என்னல்லாம் எடுத்திருக்கீங்க? ... சீப்பு. ... ம். ... சீப்பு ரெண்டா? ... போதும், நிறுத்துங்க, வயிறு வலிக்குது!"

குடைகள் மேலேயே சரிந்துவிடுவாள் போலிருந்தது. கண்ணில் வழிந்த நீரைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அப்புறமா? அப்புறம் என்ன, எந்திரிச்சு நின்னு கத்திட்டேன். 'நிறுத்துங்க, அது என் குக்கர் வெயிட்டு!'ன்னு. ... நிஜமாத்தாங்க. ஹாலே கப்சிப். கண்ணாடி மைக்கப் புடிச்சுக்கிட்டு, 'அம்மா, உக்காருங்க, அது விளக்கு'ங்கறாரு. வந்துச்சு பாருங்க எனக்குக் கோவம்! நேரா திரைக்கிட்ட போயிட்டேன். கையால தொட்டுக் காட்டினேன். 'இது பொட்டு, இது வழிசல், கம்ப்யூட்டர் வந்து என் சமையக்கட்டுல பூந்து திருடுமா?'ன்னு கேட்டேன். ... கை தட்டினாங்களாவா? கூரை பிச்சுக்கிட்டு போச்சு! ...

"என்னது? ... பந்தயமா? ... அட, ஆமா. நான் வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்தா ரூம் எனக்கு. ... தெரியுது, தெரியுது. என் வாயாலயே கெடுத்துக்கிட்டேன்."

சரிந்து கிடந்த குடை ஒன்றை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிறகுதான் எதிர்ப்பக்கம் கேட்ட கேள்விக்கு வந்தாள்.

"ஏன்னு கேட்டா... தாங்கலங்க. அவங்க பொய்க்கப்பல்னு சொன்னதும் எனக்குத் தாங்கல. எனக்கு அந்தக் கப்பலப் புடிக்காது, அது வேற விஷயம். ஆனா துணி காயப்போடப் போகும்போது அது மேல நான் இடிச்சுக்காத நாள் உண்டா? இடிச்சுக்கிட்டவளுக்குத் தெரியாதா, அது நிஜமா பொய்யான்னு? ... என்ன, மூக்க உறியறீங்க? ... பெயிண்ட் வாசனையா? நம்பிட்டேன். ...

"அழுதது போதும், கேளுங்க. கண்ணாடி இன்னும் முழுசா நம்பல. கண்ணால பாத்தாத்தான் தீர்ப்ப மாத்துவாராம். எல்லாரும் கிளம்பிட்டாங்க. ... நம்ம வீட்டுக்குத்தான்! ... இப்பத்தான்! மொத்தக் கும்பலும்! உங்க தம்பிதான் முன்னாடி நிக்கறான். அதனால அட்டப்பெட்டியத் தொறந்து கப்பல எடுத்து மேசை மேல வைங்க. ... ஏன் இழுக்கறீங்க? ... என்ன பிச்சிட்டீங்க? ... எத? ... ஐயையோ! எப்ப? ... நான் பேசிட்டிருக்கும்போதேவா! ... நல்ல பேரு வாங்கவா? யாரு கேட்டா உங்கள? ... குக்கர்ல மாட்டிட்டீங்களா! பொட்டு? பொட்டு இருக்கா? ... சொரண்டாதீங்க! கைய எடுங்க! கைய எடுங்கன்னா! ...

"ஒட்டுங்க. திரும்ப அதே இடத்துல ஒட்டுங்க. ஊரு வாய்க்கெல்லாம் பல்லு ஒட்டறவருக்கு இதுகூடவா முடியாது? ... எனக்கு எதுக்கு அது? வேற வெயிட் வாங்கி எத்தன மாசமாச்சு! இது கப்பலோடது, அங்கயே இருக்கட்டும். ... ரூமா? ரூமும் உங்களுக்கே. ... இல்ல, இருங்க, இருங்க! பாதி எனக்கு! கீழ்ப்பாதி! கீழ நான் கிளாஸ் எடுக்கறேன், உங்க கப்பலெல்லாம் மேல தொங்கட்டும். ... எதுலயா? கம்பிலதான்! ... தடிமனாவே போடுங்க. வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் பளிச்சுன்னு தெரியணும். இந்தத் தடவ கம்பிய மட்டும் அழிச்சீங்க... ஹலோ? ... ஹலோ? ... என்னங்க?"

அவன் போனை வைத்துவிட்டிருந்தான். பசை காய நேரம் வேண்டும் அல்லவா. அவள் குடையை எடுத்துக்கொண்டு, கும்பலை வேண்டுமென்றே சுற்று வழியில் கூட்டிப் போகக் கிளம்பினாள்.