மணப்பெண் பாட்டை மாப்பிள்ளை பாடினால்

மதிப்புக்குரியவர் முன் வைக்கும் ஆட்டுத்தலையின் முன் தலைநிமிர்ந்து வீற்றிருக்கும் விருந்துத் தலைவர், பள்ளியில் எனக்கு முன்னும் பந்தியில் எனக்கு மேலும் எப்போதும் இடம் பிடித்துவிடும் என் தோழர் ஓரல்பெக் அவர்களே! கேட்பதற்காகக் கண்மூடி, கேட்காமலே கண்ணயரும் பெரியோர்களே! கைக்குட்டையும் கண்ணீருமாகக் கசாலி நகரெங்குமிருந்து வந்திருக்கும் தாய்மார்களே! பெற்ற பிள்ளையை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைக்கும் சம்பந்தி அம்மா அவர்களே! மணமக்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

பெண்ணைப் பெற்றவன் சுருக்கமாகப் பேச வேண்டும் என்று தலைவர் என் காதைக் கடித்தார். முன்னால் ஆட்டின் காது இருக்க, என் காது எதற்கு?

மாப்பிள்ளை யெர்னூரைப் பாருங்கள். இன்னும் ஒரு வாய் உண்ணவில்லை. ஏன்? பசியில்லையா? ருசியில்லையா? சற்று முன் வாசலில் எவரோ அவன் காதுபட “நாய்க்குட்டி மாப்பிள்ளை” என்றார்களாம். மாமனார் வீட்டோடு வாழப் போகிறவனுக்குக் கசாக்கியராகிய நாம் வைத்திருக்கும் பட்டம்! அம்மாவோடு ஊர் திரும்பிவிடுகிறேன் என்று என் மகள் டோக்ஜானிடம் சொல்லியிருக்கிறான். அவள் கண் சிவக்க என்னிடம் வந்தாள். ஆகவே, தலைவர் அவர்களே, நான் சுருக்கமாகப் பேசப்போவதில்லை.

இந்தப் பட்டம் இந்த ஊரில் முன்பு யாருக்குச் சூட்டப்பட்டது? பின்வரிசையில் சிரிக்கிறீர்கள், தெரிந்துதான் சிரிக்கிறீர்கள். இலக்கியப் பட்டத்தை அல்மாத்தியில் வாங்கினேன். நாய்க்குட்டிப் பட்டத்தைக் கசாலியில் வாங்கினேன். முதல் பட்டத்தை ஊர் மறந்துவிட்டது!

பால்ஜானை மணந்து அவள் வீட்டுக்குக் குடிவந்தவன் நான். பிறந்த வீட்டை விட்டுப் போகும் பெண் பாடும் பிரிவுப்பாட்டு உண்டல்லவா? போகிறவன் நானாயிற்றே என்று கல்யாண விருந்தில் அதை நானே பாடினேன். “இனி என் குரல் வாசலைத் தாண்டாது” என்றொரு வரி. ஒரு பெண் பாடினால், அடக்கமானவள் என்று பெரியவர்கள் மகிழ்வார்கள். அதே வரி, அதே மெட்டு, மீசை வைத்த வாயிலிருந்து வந்தது. நம் தலைவர் எழுந்தார்.

“வாசலைத் தாண்டாட்டி போகட்டும் மாப்ளே. திருடன் வந்தா குரைக்கவாவது செய்வியா?”

பந்தலே குலுங்கியது. அதோடு விட்டாரா? மாப்பிள்ளைக்கு உரிய நெஞ்சுக்கறியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, எலும்பு ஒன்றை என் பக்கம் தள்ளினார். அந்த எலும்பின் வளைவுகூட எனக்கு நினைவிருக்கிறது. கேட்கிறேன்: நான் பாடினால் நகைப்பு, அவள் பாடினால் நற்குணமா? ஆண் வாயில் அவமானமாய் இருப்பது பெண் வாயில் ஆபரணம் ஆவது எப்படி? தாய்மார்களே, கைதட்ட வேண்டிய இடம் இது. நன்றி.

அப்போது பால்ஜான் எழுந்தாள். அழும் மணப்பெண்ணைத் தேற்ற ஆண்கள் பாடுவார்களே, ஜார்-ஜார், அதை எடுத்தாள். அது ஆம்பளைங்க பாட்டு தங்கச்சி என்று தலைவர் தடுத்தார்.

“அழறதே ஆம்பளையா இருக்கு. அப்ப தேத்தறது யாருண்ணே?” என்றாள்.

பாடினாள். “உன் வீட்டு அடுப்பை எண்ணி அழாதே, ஜார்-ஜார்! மாமனார் விறகோடு வாசலில் நிற்கிறார், ஜார்-ஜார்!”

ஆண்கள் காலங்காலமாகப் பாடும் வரிதான். எந்த மாமனார் விறகு சுமந்தார்? வாக்குக் கொடுப்பவன் வேறு, சுமக்க வேண்டியவர் வேறு. அவரோ பந்தியில் கறி தின்றுகொண்டிருப்பார்! ஆனால் பால்ஜான் பாடியபோது அந்த மாமனார் அவளைப் பெற்றவர். “மாமனார்” என்று இழுத்தபடியே தந்தையைப் பார்த்தாள். ரயில்வேயில் கொடி காட்டிய ஜூமாஷ், கொடியால் பேசியதைவிட வாயால் குறைவாகப் பேசிய மனிதர். வாய்க்குப் போன கறி பாதி வழியில் நின்றது.

மறுநாள் விடியலில் கதவைத் திறக்கிறேன். முதுகு நிறைய விறகோடு நிற்கிறார். நீங்கள் எதற்கு மாமா என்று பதறினேன்.

“மக பாடித் தொலைச்சிட்டா. இனி என்ன பண்றது?”

உயிரோடு இருந்த குளிர்காலமெல்லாம், அவள் பாடித் தொலைத்ததை அவர் சுமந்தார். மாப்பிள்ளை என்பதைத் தவிர எனக்கு வேறு பட்டம் எதுவும் அவர் சூட்டவில்லை.

யெர்னூர், தலையை நிமிர்த்து. இன்று அந்த வரியில் நிற்க வேண்டிய மாமனார் நான். என் இடுப்பு வலியை ஊரறியும். ஊர் மேல் எனக்குள்ள கோபத்தையும் ஊரறியும். இரண்டையும் தூக்கிக்கொண்டு, விறகையும் தூக்கி வருகிறேன். காலையில் கதவைத் திறக்க நீ அங்கே இருந்தால் போதும்.

ஓரல்பெக் அவர்களே, நெஞ்சுக்கறி மறுபடியும் உங்கள் பக்கமே நகர்ந்திருக்கிறது. அதை மாப்பிள்ளையிடம் தள்ளுங்கள். எலும்பைப் பற்றிப் பிறகு நாம் பேசிக்கொள்வோம்.

இன்று கேட்ட காதுகளுக்கும், அன்று சிரித்த வாய்களுக்கும் நன்றி. மணமக்கள் வாழ்க! டோக்ஜான், மைக்கைப் பிடி. ஆண்கள் பாட்டைப் பாடு. என்னைப் பார்த்துப் பாடு.