ஐஸில் வைத்த மாத்திரை

காலை ஒன்பதே முக்காலுக்கு, காசிமேட்டில் ஒரு சுகாதார நிலையத்தில் மருந்து தரும் சிஸ்டர், "நோயாளி நேர்ல வராம மறுபடியும் தர முடியாதும்மா" என்றார். மூச்சிரைக்கும் என் மகளை அணைத்தபடி நான் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற மீன்காரப் பெண் நகரவில்லை.

"போன வாரம்தானே ஒரு மாசத்துக்குக் குடுத்தேன்?"

"குடுத்தீங்கக்கா. கடலுக்குப் போறப்போ கெட்டுப் பூடும்னு, எங்க வூட்டுக்காரரு அட்டையெல்லாம் பிரிச்சி, ஒரு பையில கொட்டி, மீனோட ஐஸ்ல வெச்சிட்டாரு. அத்தினியும் கரைஞ்சி பூட்ச்சி."

வரிசையே சிரித்தது. "ஏம்மே, டி.பி. மாத்திரை இன்னா வஞ்சிரமா?" என்றாள் பின்னால் நின்றவள்.

டி.பி. என்றதும் நான் மகளின் முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டேன்.

"நல்லா சிரிங்க. மத்தியானம் மீன்புடி லாஞ்சு கெளம்புது. அவரு போவலன்னா வூட்ல அடுப்பு எரியாது. மாத்திரை இல்லாம போனா மறுபடியும் ரத்தமா இருமுவாரு. நான் ரெண்டையும் வுடமாட்டேன்."

"அப்ப அவரக் கூட்டினு வா."

"டீசல் ஏத்திக்கினு கீறாருக்கா, வுடமாட்டாங்க."

சொல்லிவிட்டு அவளே போனை எடுத்தாள். "அண்ணே, அவரு இங்க வராம உன் லாஞ்சு நவுராது, சொல்ட்டேன்!"

சற்று நேரத்தில் லாஞ்சு டிரைவரே, டீசல் படிந்த கையால் அவள் கணவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"சிஸ்டர், மாத்திரைய எங்கிட்ட குடுங்க. தெனமும் என் கண்ணு முன்னால முழுங்கினாத்தான் இந்தாளுக்குச் சோறு" என்றார் டிரைவர்.